பிள்ளையின் சாப்பாடு, விளையாட்டு, எடை: இரண்டு முதல் ஆறு வயது வரை வீட்டிலேயே செய்யக்கூடியவை

மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நம் ஊரில் ஒரு கல்யாண வீட்டுக்குள் நுழைந்தால் போதும், "என்னம்மா பிள்ளை இப்படி இளைச்சுக் கிடக்கு, சரியா குடுக்கறதில்லையா?" என்று யாராவது ஒருவர் கேட்டே தீருவார். அன்று ராத்திரி அந்தப் பிள்ளைக்கு அரை தோசை கூடுதலாகத் திணிக்கப்படும். இதே வீட்டில் எடை கூடிய பிள்ளை இருந்தால் அவனை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். நம் கண் அளவு அப்படிப் பழகிவிட்டது. சரியான எடையில் இருப்பவன் நமக்கு ஒல்லியாகத் தெரிகிறான், எடை கூடியவன் ஆரோக்கியமாகத் தெரிகிறான்.

உண்மையில் இரண்டு பக்கமும் பிரச்சினை இருக்கிறது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 19.3 சதவீதம் பேர் உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாதவர்கள். அதே கணக்கெடுப்பில் எடை கூடியவர்கள் 3.4 சதவீதம், அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இது 2.1 ஆக இருந்தது. எடை கூடியவர்களின் எண்ணிக்கை சிறிதுதான், ஆனால் ஏறுமுகம். நல்ல செய்தி என்னவென்றால், மெலிந்த பிள்ளைக்கும் பருத்த பிள்ளைக்கும் வீட்டில் செய்ய வேண்டிய மாற்றங்களில் முக்கால்வாசி ஒன்றேதான். எடையை நேரடியாகப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை. சாப்பாட்டு நேரம், விளையாடும் நேரம், தூங்கும் நேரம் மூன்றையும் ஒழுங்கு செய்தால் போதும், மீதியை உடம்பே பார்த்துக்கொள்ளும். எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

படி 1: கண்ணால் அளக்காதீர்கள், டேப்பால் அளங்கள்

செருப்பைக் கழற்றிவிட்டு, தலைப்பின்னல், ரப்பர் பேண்ட் எல்லாம் எடுத்துவிட்டு, பிள்ளையைச் சுவரோடு ஒட்டி நிற்க வையுங்கள். குதிகால், பின்புறம், முதுகு மூன்றும் சுவரைத் தொட வேண்டும், பார்வை நேராக இருக்க வேண்டும். தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, தரையிலிருந்து கோடு வரை டேப் வைத்து அளங்கள். எடைக்கு வீட்டில் பெரியவர்கள் ஏறும் டிஜிட்டல் மிஷின் இருந்தால் அதுவே போதும். நிற்க மறுக்கும் குட்டியாக இருந்தால் முதலில் நீங்கள் மட்டும் ஏறுங்கள், பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், வித்தியாசம்தான் பிள்ளையின் எடை. ஆனால் எப்போதும் ஒரே மிஷின், ஒரே வேளை, உள்ளாடை மட்டும். வாரா வாரம் ஏற்றி இறக்க வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். அங்கன்வாடிக்குப் போகும் பிள்ளைக்கு அங்கேயே மாதாமாதம் எடை போடுவார்கள், அந்தக் குறிப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. எடையை கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ., உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண். ஆனால் பெரியவர்களுக்குச் சொல்லும் 18.5, 25 போன்ற எல்லைகளைக் குழந்தைக்குப் போட்டுப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது வேறு கணக்கு. குழந்தைக்கு வயதுக்கு வயது எல்லை மாறும். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோலின்படி (அதற்காக அளந்த ஆறு நாட்டுக் குழந்தைகளில் டெல்லிக் குழந்தைகளும் உண்டு, "அது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கானது" என்று தள்ளிவிட முடியாது) நான்கு வயதில் நடு அளவு சுமார் 15.3. ஆண் குழந்தைக்கு 18.2க்கு மேல் போனால் எடை கூடுதல் என்று அர்த்தம், பெண் குழந்தைக்கு 18.5க்கு மேல். கீழ்ப்பக்கம் ஆண் குழந்தைக்கு 13.1, பெண் குழந்தைக்கு 12.8, அதற்கும் கீழே இறங்கினால் மருத்துவரிடம் காட்ட வேண்டிய மெலிவு.

இரண்டு பிள்ளைகளை வைத்துப் பார்ப்போம், இருவருக்கும் நான்கு வயது. சிறுமி 101 செ.மீ., 14.5 கிலோ. பார்த்தால் கையும் காலும் குச்சி மாதிரி இருக்கும், வீட்டில் எல்லோருக்கும் கவலை. கணக்குப் போட்டால் 14.2, முழுக்க முழுக்கச் சரியான எடை. சிறுவன் 100 செ.மீ., 19 கிலோ. எல்லோருக்கும் அவன் "நல்லா இருக்கான்". கணக்கில் 19.0, எல்லையைத் தாண்டிவிட்டான். முதல் வீட்டில் ஊட்டி ஊட்டித் திணிப்பதும் இரண்டாவது வீட்டில் கண்டுகொள்ளாமல் விடுவதும்தான் வழக்கமாக நடக்கிறது.

உங்கள் பிள்ளையின் வயதுக்கான கோட்டைத் தடுப்பூசிப் புத்தகத்தில் உள்ள வளர்ச்சி வரைபடத்தில் பார்க்கலாம். ஐந்து வயதைத் தாண்டிவிட்டால் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015 வரைபடத்தை மருத்துவர் பயன்படுத்துவார். ஒரு புள்ளியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, மூன்று நான்கு புள்ளிகள் சேர்ந்து எந்தப் பக்கம் போகின்றன என்பதுதான் முக்கியம்.

படி 2: பசி குறைந்தது நோயல்ல

"ஒரு வயசுல எதைக் குடுத்தாலும் சாப்பிட்டான், இப்ப வாயையே திறக்க மாட்டேங்கிறான்." இதைச் சொல்லாத அம்மா இல்லை. 3 கிலோவில் பிறந்த குழந்தை முதல் பிறந்தநாளுக்குள் சுமார் 9 கிலோ ஆகிவிடுகிறது, ஒரே ஆண்டில் 6 கிலோ. இரண்டு வயதுக்கு மேல் ஆண்டுக்கு ஏறுவதே சுமார் 2 கிலோதான். வளர்ச்சி வேகம் குறைந்த பிறகும் பசி மட்டும் அப்படியே இருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும். பி.எம்.ஐ.யும் ஒரு வயதையொட்டி உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கிக்கொண்டே வந்து ஐந்து, ஆறு வயதில்தான் திரும்ப ஏறத் தொடங்கும். அதாவது இந்த வயதில் பிள்ளை நீண்டு, கன்னம் வற்றி, விலா எலும்பு லேசாகத் தெரிவது இயல்பு. மாறாக அந்தத் திரும்ப ஏறுதல் ஐந்து வயதுக்கு முன்பே தொடங்கிவிட்டால் பின்னாளில் உடல் பருமனாகும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்திருக்கிறது.

இது புரியாமல் கடையில் பசி டானிக் கேட்டு வாங்குகிறவர்கள் நிறையப் பேர். அவற்றில் பலவற்றில் இருப்பது சைப்ரோஹெப்டடின், அது ஒரு அலர்ஜி மருந்து, பிள்ளையைத் தூங்கி வழிய வைக்கும். மருத்துவர் பார்த்துத் தராமல் அதைத் தொடவே தொடாதீர்கள். ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் தரும் பூச்சி மாத்திரையை மட்டும் தவறவிடாமல் கொடுத்துவிடுங்கள்.

படி 3: சாப்பாட்டுக்கு நேரம் வையுங்கள், அளவைப் பிள்ளையிடம் விடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சேட்டர் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் எளிய பிரிவினை இது: என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. நம் வீடுகளில் இது அப்படியே தலைகீழ். என்ன வேண்டும் என்று பிள்ளை சொல்கிறது, எவ்வளவு என்று நாம் முடிவு செய்து திணிக்கிறோம்.

நேரம் இப்படி இருக்கலாம்: காலை 8 மணிக்கு டிபன், பத்தரைக்குப் பழம், ஒரு மணிக்குச் சாப்பாடு, நாலு நாலரைக்கு மாலைச் சிற்றுண்டி, ஏழு ஏழரைக்கு இரவுச் சாப்பாடு. நடுவில் தண்ணீர் மட்டும். இந்த "தண்ணீர் மட்டும்" என்ற இடத்தில்தான் எல்லாம் ஓட்டையாகிறது. பதினொன்றரைக்கு அழுததற்கு ஒரு பிஸ்கட், பன்னிரண்டுக்குத் தாத்தா கடைக்குப் போனபோது வாங்கித் தந்த பாக்கெட் சிப்ஸ், பன்னிரண்டரைக்கு அரை டம்ளர் பால், பிறகு ஒரு மணிக்குப் பருப்பு சாதத்தோடு போய் உட்கார்ந்து "எதுவுமே சாப்பிட மாட்டேங்கிறான்" என்று அழுதால் அவன் என்ன செய்வான், வயிறு ஏற்கெனவே நிறைந்திருக்கிறது.

தட்டில் முதலில் கொஞ்சமாக வையுங்கள். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்பது தொடங்குவதற்கு நல்ல அளவு, மூன்று வயதுக்குச் சாதம் மூன்று கரண்டி, பொரியல் மூன்று கரண்டி. பத்தவில்லை என்றால் கேட்கட்டும், தருவோம். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், திட்டாமல், கெஞ்சாமல். அடுத்த வேளை மூன்று மணி நேரத்தில் வரப்போகிறது. ஒரு மணி நேரம் வாயில் சோற்றை ஒதுக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்தச் சோறு தண்டனையாகத்தான் தெரியும்.

கையால் சாப்பிட விடுங்கள். சிந்தும், தலையில் பூசிக்கொள்ளும், பழைய புடவையைக் கீழே விரித்துவிட்டால் துடைக்கும் வேலை மிச்சம். ஊட்டிவிடுவதே தப்பு என்று சொல்ல மாட்டேன், ஒன்றரை வயதில் உருண்டை பிடித்துக் கொடுப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, ஆனால் நான்கு வயதுப் பிள்ளையின் பின்னால் கிண்ணத்தோடு மொட்டை மாடி வரை ஓடுவது இருவருக்குமே நல்லதில்லை.

புதுக் காய் ஒன்றை முதல் முறை துப்பினால் "அவனுக்குப் பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடாதீர்கள். இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை புதிய சாப்பாட்டைக் கண்டு ஒதுங்குவது பிள்ளைகளின் இயல்பு. எட்டு, பத்து, சிலருக்குப் பதினைந்து முறை கூடத் தட்டில் பார்த்த பிறகுதான் வாயில் வைப்பார்கள். ஒரே ஒரு பீன்ஸ் துண்டு, பழக்கமான சாதத்துக்குப் பக்கத்தில், எந்தப் பேச்சும் இல்லாமல். "இதைச் சாப்பிட்டா சாக்லேட் தருவேன்" என்ற பேரம் கூடவே கூடாது, கத்தரிக்காய் கூலி வேலை, சாக்லேட்தான் சம்பளம் என்று அவன் கற்றுக்கொள்வான்.

படி 4: சாப்பிடும்போது போனை எடுங்கள்

போன் காட்டினால் வாய் தானாகத் திறக்கும், உண்மைதான். வாய் திறப்பது அவனுக்கே தெரியாது என்பதுதான் சிக்கல். வயிறு நிறைந்ததா என்று கவனிக்கும் பழக்கமே அவனுக்கு வராமல் போகிறது. பருக்கும் பிள்ளை கூடுதலாக உள்ளே தள்ளுகிறது, மெலிந்த பிள்ளை மெல்லாமல் விழுங்கி, சாப்பாட்டின் ருசியே தெரியாமல் வளர்கிறது.

ஒரேயடியாக நிறுத்த முடியாவிட்டால் ஒரு வேளையில் தொடங்குங்கள். வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்காரும் வேளையாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது, பெரும்பாலும் ஞாயிறு மதியமோ தினமும் இரவோ. பெரியவர்கள் போனும் அந்த நேரம் வேறு அறையில். முதல் மூன்று நான்கு நாள் அழுகை, ஆர்ப்பாட்டம், சாப்பாடு பாதியாகக் குறைவது எல்லாம் நடக்கும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு முடிந்து தேறிவரும் வாரத்தில் மட்டும் இதைத் தொடங்காதீர்கள். ஒரு வேளை பழகிய பிறகு அடுத்த வேளை.

திரை நேரம் மொத்தமாகவே எவ்வளவு? உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல், இரண்டு முதல் நான்கு வயதுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. பாட்டி பார்க்கும் சீரியலும் பிள்ளை அதே அறையில் உட்கார்ந்திருந்தால் இந்தக் கணக்கில்தான் வரும்.

படி 5: தட்டில் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது

புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் காட்டிய விஷயம் ஒன்றைத் தெரிந்துகொண்டால் இந்தப் படி புரியும். நம் நாட்டுக் குழந்தைகள் இங்கிலாந்துக் குழந்தைகளைவிட எடை குறைவாகப் பிறக்கிறார்கள், ஆனால் குறைவது பெரும்பாலும் தசைதான், கொழுப்பு அந்த அளவுக்குக் குறைவதில்லை. ஆக மெலிந்த பிள்ளைக்கு "எப்படியாவது எடை ஏறட்டும்" என்று சர்க்கரையையும் சாதத்தையும் மட்டும் ஏற்றினால் தசை வராது. தசைக்குப் புரதமும் வேண்டும், ஓடியாடும் விளையாட்டும் வேண்டும்.

நம் வழக்கமான தட்டைப் பாருங்கள்: காலை இட்லி சர்க்கரை, மதியம் ரசம் சாதம் உருளைக்கிழங்கு, மாலை பிஸ்கட், இரவு தோசை சர்க்கரை. பருப்பு எங்கே? ரசத்தின் அடியில் தங்கிவிட்டது. ஒவ்வொரு வேளையிலும் புரதம் ஒன்று இருக்கட்டும் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: முட்டை, கெட்டிப் பருப்பு, தயிர், மீன், நன்றாக வெந்த சுண்டல், பச்சைப்பயறு தோசை. மாலைச் சிற்றுண்டியை மாற்றுவதுதான் இருப்பதிலேயே சுலபம், பலனும் அதிகம். பிஸ்கட், ரஸ்க், மிக்சர் இருந்த இடத்தில் அவித்த வேர்க்கடலை (நான்கைந்து வயது வரை முழுசாகத் தராதீர்கள், புரையேறும், நன்றாக மசித்துக் கொடுங்கள்), சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கொய்யா, வாழைப்பழம், தேங்காய் போட்ட அவல். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கித்தான் தர வேண்டும்.

மெலிந்த பிள்ளைக்குச் சாதத்தில் ஒரு கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ கூட்டலாம், கஞ்சியில் வேர்க்கடலைப் பொடி போடலாம். பருத்த பிள்ளைக்கு அந்த நெய்யை மட்டும் கொஞ்சம் குறைத்து, பொரித்ததையும் பாக்கெட்டையும் வீட்டுக்குள் வாங்காமல் இருந்தால் போதும். அவனுக்கு மட்டும் தனிச் சமையல், அண்ணனுக்கு மட்டும் சிப்ஸ் என்று பிரிக்காதீர்கள். அலமாரியில் இருந்தால் கேட்பான், இல்லாததை எத்தனை நாள் கேட்பான்?

படி 6: குடிப்பதையும் கணக்கில் சேருங்கள்

பால் நல்லதுதான், ஆனால் இந்த வயதில் நாளொன்றுக்கு 400 மி.லி., அதிகபட்சம் 500. அதற்கு மேல் போனால் சாப்பாட்டுப் பசியைக் கொன்றுவிடும். பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு என்பதால் பாலிலேயே வளரும் பிள்ளைக்கு ரத்தசோகையும் வரும். ராத்திரி தூக்கத்தில் பாட்டில் பால் கொடுக்கும் வழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள், பல்லும் தப்பிக்கும்.

பாலில் கலக்கும் பவுடர் இல்லாமல் முடியாது என்று நினைப்பவர்கள் டப்பாவைத் திருப்பி 100 கிராமில் சர்க்கரை எவ்வளவு என்று ஒருமுறை படியுங்கள். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இத்தகைய பானங்களை "ஹெல்த் டிரிங்க்" என்ற பிரிவில் போட்டு விற்கக் கூடாது என்று இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது, ஏனென்றால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. பழரசமும் அதே கதைதான், பழத்தைக் கடித்துச் சாப்பிடட்டும். பாக்கெட் ஜூஸ், கூல்டிரிங்ஸ் வேண்டவே வேண்டாம்.

படி 7: விளையாட்டு

மூன்று, நான்கு வயதுக்கு நாள் முழுவதும் சேர்த்து 180 நிமிடம் உடல் அசைவு, அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு ஓட்டம், இதுதான் அளவு. ஐந்து வயதுக்கு மேல் தினம் சராசரியாக 60 நிமிட ஓட்டம். மூன்று மணி நேரமா என்று மலைக்க வேண்டாம், மாடிப்படி ஏறுவது, கடைக்கு நடந்து போவது, துணி எடுத்துக் கொடுப்பது எல்லாம் சேர்த்துத்தான். தள்ளுவண்டியிலோ வேன் சீட்டிலோ ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிப்போட்டு வைக்கக் கூடாது என்பதும் திரை நேரத்துக்குப் பார்த்த அதே உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதலில் இருக்கிறது.

இடம் இல்லை என்பதுதான் நகரத்தில் எல்லோரும் சொல்வது. அபார்ட்மெண்டில் கார் நிறுத்துமிடம், பக்கத்துக் கோயில் பிராகாரம், கைப்பிடிச் சுவர் உயரமாக இருந்து நீங்களும் கூடவே நின்றால் மொட்டை மாடி. வெயில் காலத்தில் பதினொன்று முதல் நான்கு வரை விட்டுவிட்டு, காலை ஏழுக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பிறகும். ஓடிப்பிடிச்சு, கல்லா மண்ணா, கண்ணாமூச்சி, நொண்டி இவற்றுக்கு ஒரு ரூபாய் செலவில்லை, இரண்டு பிள்ளைகள் இருந்தால் போதும், ஒரே பிள்ளை என்றால் நீங்கள் ஓட வேண்டும். வாரம் இரண்டு நாள் கராத்தே வகுப்பில் சேர்த்துவிட்டோம் என்று நிம்மதியாகாதீர்கள், அங்கே வரிசையில் நிற்கும் நேரம்தான் அதிகம், தினசரி விளையாட்டுக்கு அது ஈடாகாது. மழை நாளில் மெத்தையைத் தரையில் போட்டுக் குதிக்க விடுங்கள்.

வரிசையும் முக்கியம்: பள்ளியிலிருந்து வந்ததும் சிற்றுண்டி, பிறகு விளையாட்டு, பிறகு குளியல், சாப்பாடு. வந்ததும் டிவி முன் உட்கார்ந்துவிட்டால் எழுப்புவது பெரும்பாடு. எல்.கே.ஜி. பிள்ளைக்கு டியூஷன் வைத்து இந்த நேரத்தைத் தின்னும் வழக்கத்தைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன், அதனால் விடுகிறேன்.

படி 8: தூக்கம்

மூன்று, நான்கு வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம். தூக்கம் குறைந்த பிள்ளைகளுக்கு எடை கூடும் வாய்ப்பு அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அப்பா வேலை முடிந்து வந்து கொஞ்சுவதற்குப் பத்தரை ஆகிறது என்பது நியாயமான சங்கடம்தான், அந்தக் கொஞ்சலைக் காலைக்கு மாற்றிப் பாருங்கள். தூங்கும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் முன்னால் தள்ளிக்கொண்டே வந்தால் ஒரு மாதத்தில் ஒன்பது மணிக்குள் வந்துவிடும்.

படி 9: வீட்டுப் பெரியவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

மாமியாரிடம் போய் "இனிமே நீங்க எதுவும் குடுக்கக் கூடாது" என்றால் வேலைக்காகாது. ஊட்டுவதுதான் அவர்கள் பேரப்பிள்ளையிடம் அன்பு காட்டும் வழி, அதைப் பிடுங்கினால் வேறொன்றைக் கையில் கொடுக்க வேண்டும். "அத்தை, நாலரைக்கு நீங்களே சுண்டல் குடுங்க, அப்புறம் கீழ கூட்டிட்டுப் போய் விளையாட விடுங்க" என்று சொன்னால் ஒரு வேளை முழுப் பொறுப்பும் அவர்களுடையதாகிவிடும். அளந்து பார்த்த கணக்கையும் காட்டுங்கள், "இளைச்சுப் போச்சு" என்ற பேச்சுக்கு அந்த வரைபடக் கோடுதான் பதில்.

குண்டு, பூசணிக்காய், ஒல்லிக்குச்சி போன்ற செல்லப்பெயர்கள் வீட்டில் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். பிள்ளை காதில் விழும்படி எடையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

படி 10: மூன்று மாதம் கழித்து அளங்கள்

எடை கூடிய பிள்ளைக்கு எடையைக் குறைப்பது நோக்கமல்ல. முதல் படியில் பார்த்த 19 கிலோ சிறுவன் ஓராண்டில் 6 செ.மீ. வளர்வான். எடை அதே 19இல் நின்றால் அவன் பி.எம்.ஐ. 16.9க்கு இறங்கிவிடும். ஒரு கிலோ ஏறினால்கூட 17.8தான், அதே அளவுகோலில் ஐந்து வயதின் எல்லையான 18.3க்கு உள்ளே வந்துவிடுவான். பட்டினி, டயட் எதுவும் தேவைப்படவில்லை பாருங்கள். இந்த வயதில் கலோரியைக் குறைத்துக் கட்டுப்படுத்துவதை மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் செய்யவே கூடாது, வளர்ச்சி பாதிக்கப்படலாம்.

சில அறிகுறிகள் இருந்தால் இந்த மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், உடனே குழந்தை மருத்துவரைப் பாருங்கள்: எடை ஏறிக்கொண்டே போக, உயரம் மட்டும் ஏறாமல் நிற்பது, கழுத்தின் பின்புறம் வெல்வெட் போலக் கறுத்துத் தடிப்பது, தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது, எடை இறங்குவது, சாப்பிடும்போது அடிக்கடி புரையேறுவது, வெளுத்துச் சோர்ந்து கிடப்பது, மண், சாம்பல் தின்பது.

போகும்போது மூன்று நாள் சாப்பாட்டை நேரத்தோடு எழுதி எடுத்துப் போங்கள். "எதுவுமே சாப்பிட மாட்டான் டாக்டர்" என்பதிலிருந்து அவருக்கு ஒன்றும் தெரியாது, 11.30 பிஸ்கட் இரண்டு, 12.30 பால் அரை டம்ளர் என்று எழுதியிருந்தால் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடுவார். தாத்தா பாக்கெட்டிலிருந்து எடுத்துத் தந்ததையும் அவரிடமே கேட்டு அந்தத் தாளில் எழுதிவிடுங்கள்.